பக்கவாத்தியம்: தப்பு

நான் எட்டாம் ஆண்டு படித்தபோதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கீத டீச்சர் வந்தார். அதற்கு முன்பும் கால அட்டவணையில் சங்கீதம் இருந்தது, சொல்லித்தர ஆள்தான் இல்லை. அந்தப் பாடவேளையில் நாங்கள் வளவைக் கூட்டினோம், தலைமையாசிரியரான அதிபரின் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஆறாம் ஆண்டிலிருந்து சங்கீதம் படித்துவந்த எனக்கு அதுவரை நன்றாகக் கைவந்த வாத்தியம் விளக்குமாறு ஒன்றுதான்.

பன்வில டவுனிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், தேயிலைக்கு நடுவே இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், முதல் நியமனம். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. ஒரு கையில் சுருதிப்பெட்டியும் மறு கையில் அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலமுமாக வந்து நின்றார். அவர் பேசியதும் தமிழ், நாங்கள் பேசியதும் தமிழ். ஆனாலும் முதல் வாரம் முழுக்க இரண்டு பக்கமும் திருதிருவென்று விழித்தோம். ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார். நாங்கள் "ஆமா" என்கிற ஆட்கள். டீச்சர் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து முன் வரிசை கைகூப்பியது. சங்கீதத்துக்கு லயம் முக்கியம், லயம் இல்லாதவர்களுக்குப் பாட்டு வராது என்று அவர் சொன்னபோது எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளை நாங்கள் லயம் என்றுதான் சொல்வோம். எத்தனை பேருக்கு லயம் இருக்கிறது என்று கேட்டார். டவுன் கடைக்காரர் மகள் ஒருத்தியைத் தவிர மொத்த வகுப்பும் கையைத் தூக்கியது. அவள் பாவம், அழுதுவிட்டாள்.

எனக்குக் கை சும்மா இருக்காது. மேசை, கதிரை, சாப்பாட்டுத் தட்டு, தங்கச்சியின் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவேன். இது வீட்டு வியாதி. அப்பா பகலில் வத்தேகமையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சிமெந்து மூட்டை ஏற்றி இறக்குவார். தோட்டத்தில் திருவிழா என்றாலும் சாவு என்றாலும் ஆள் வந்து கூப்பிடும். அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் உரப்பையை இழுத்து எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் இருந்தது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய மேளம், நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து இரண்டு குச்சிகளால் அடிப்பது. ஆனால் அப்பா ஒருநாளும் அதை அந்தப் பெயரால் சொன்னதில்லை. "சாமான எடு", "சாமான் நனைஞ்சிருச்சு", அவ்வளவுதான். பெயரைச் சொல்கிற துணிச்சல் அம்மாவுக்கு மட்டும் இருந்தது, அதுவும் வீட்டுக்குள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அப்பாவுக்குக் கடையில் வேலை என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது. டீச்சர் கரும்பலகையில் ஆதி தாளத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்தவள் தங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையை என் காதுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் கதையைக் கேட்டபடி அப்பாவின் அடி ஒன்றை மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் லேசாகத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, பறையாதேங்கோ."

என் கை அப்படியே நின்றது.

பறை என்றாலும் தப்பு என்றாலும் மேளம் ஒன்றுதான். ஆனால் பறை என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா சொல்வதில்லை. ஒரு சாதியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. சண்டையில்தான் சொல்வார்கள், சொன்னதும் சண்டை பெரிதாகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகாத ஒருவருக்கு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரிந்தது? நான் மேசையில் தட்டியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாரா? சங்கீதம் படித்தவர்களுக்கு இப்படி ஒரு சக்தி உண்டு போலிருக்கிறது என்று பயந்துபோனேன். வெட்கத்தில் காது சுட்டது. அன்றிலிருந்து சங்கீத வகுப்பில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். டீச்சர் தாளம் போடச் சொன்னால் கை வலிக்கிறது என்றேன்.

வீட்டிலும் கை அடங்கிவிட்டது. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தட்டில் தாளம் போடாமல் நான் சோறு சாப்பிடுவதை அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். பிறகு உட்காரவைத்து விசாரித்தாள். சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அன்று மழை இல்லை. குடை எதற்கு என்று எனக்கு விளங்கியது.

அதிபரின் அறையில் டீச்சர் எழுந்து வணக்கம் சொன்னார். அம்மா வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"எம்புள்ளயப் பாத்து பறையாதன்னு சொன்னீங்களா டீச்சர்?"

"ஓம், சொன்னனான்," என்றார் டீச்சர், மிகவும் மரியாதையாக. "வகுப்பில பறைஞ்சால் மற்றப் பிள்ளையள் எப்பிடிப் படிக்கிறது, அம்மா?"

அம்மாவின் குடை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. அதிபர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நின்றார். அவர் முன்பு சில வருடம் வவுனியாவில் வேலை பார்த்தவர். அன்று எல்லோரையும் காப்பாற்றியது அந்த வவுனியாதான். டீச்சரின் ஊர்ப் பக்கத்தில் பறைவது என்றால் பேசுவது, வகுப்பில் பேசாதே என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார் என்று மூச்சுவாங்க விளக்கினார். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பி, அந்தச் சொல் இங்கே யார் காதில் எப்படி விழும் என்பதைத் தணிந்த குரலில் சொன்னார்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் அவருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து பேசிப் பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் அது நினைவு வரவில்லை. "அம்மா, என்ர வாயில இனி அந்தச் சொல் வராது," என்றார். கண் கலங்கியிருந்தது.

சண்டைக்கென்று சேலை கட்டி வந்த அம்மாவுக்கு இப்போது கையில் குடை மட்டும்தான் மிச்சம். அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே. அதனால் வீட்டுச் சட்டத்தை அவளே உடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு தப்புதான் அடிக்கிறாரு டீச்சர். அதுல ஒளிக்க என்னா இருக்கு?"

டீச்சர் ஆறுதலாக அம்மாவின் கையைப் பிடித்தார். "அதுக்கென்ன அம்மா, பழகப் பழகச் சரியா அடிக்க வரும்."

அதிபர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சருக்குத் தப்பு என்றால் பிழை, அவ்வளவுதான். அந்தப் பெயரில் ஒரு மேளம் இருப்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சிரிப்பு அடங்கியதும் அதிபர் அன்று இரண்டாம் முறையாகத் தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்தார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மேளம் இப்போது வீட்டில் இருக்கிறதா, சத்தம் எப்படி இருக்கும், பாட்டோடு சேர்த்து அடிக்கலாமா என்று அடுக்கிக்கொண்டே போனார். காரணம் இருந்தது. கண்டியில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் குழுப்பாட்டுப் போட்டிக்கு எங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. டவுன் பள்ளிக்கூடங்கள் மிருதங்கமும் தபேலாவும் கொண்டுவரும். எங்களிடம் இருந்தது பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்ட ஓர் ஆர்மோனியம். பக்கவாத்தியம் வாசிப்பவரும் மாணவராக இருக்க வேண்டும் என்று விதி வேறு. டீச்சர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். என் கைகள் தம்பாட்டுக்கு அதிபரின் கதிரை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தன.

சண்டை போட வந்த அம்மா, தப்பையும் மகளையும் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"எழுதுறப்ப தப்புன்னே எழுதுங்க டீச்சர். மத்தப் பேரு வேணாம்."

அன்று மாலை அம்மா அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அப்பா பிளேன்டீயைக் குடித்து முடித்தார், எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தார், வெளியே போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. பொம்பளைப் பிள்ளை சாமானைத் தூக்கினால் தோட்டம் என்ன பேசும் என்று அம்மாவுக்கே இப்போது கவலை வந்துவிட்டது. எனக்கோ அதற்குள் ஆசை தலைக்கேறிவிட்டது. நாலு நாள் தொடைக்கு அடியில் கிடந்த கைகள் அல்லவா. மேடையில் நின்று, எல்லோரும் பார்க்க, அப்பாவின் அடியை அடிக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை, என் புத்தகப் பைக்குப் பக்கத்தில் உரப்பை இருந்தது. உள்ளே சாமானும் இரண்டு குச்சிகளும். நீளமான மெல்லிய குச்சியின் பிடியில் புதிதாகத் துணி சுற்றியிருந்தது, என் சின்னக் கைக்கு வழுக்காமல் இருக்க. குட்டையான தடித்த குச்சிக்குத் துணி போதவில்லை போலிருக்கிறது. அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

முதல் ஒத்திகை அன்றே ஊர் கூடிவிட்டது. தப்புச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒன்று திருவிழா, இல்லாவிட்டால் சாவு. திருவிழா இல்லாத மாதம் அது. நான் கால்மணி நேரம் அடித்திருப்பேன், பள்ளிக்கூட வாசலில் ஆட்கள் வந்து நின்று யார் போய்விட்டார் என்று விசாரித்தார்கள். டவுனில் பேக்கரிக்காரர் மரியாதைக்குக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டாராம். அதிபர் வாசலில் நின்று, யாரும் சாகவில்லை, பிள்ளைகள் சங்கீதம் படிக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார். ஒரு கிழவர் மட்டும் நம்பாமல் கடைசிவரை வாசலிலேயே நின்றிருந்து, பிறகு ஏமாற்றத்தோடு போனார்.

டீச்சருக்கு என் அடியை எழுதிப் பார்க்க வேண்டும். நான் அடிக்க அவர் விரலில் எண்ணினார். எட்டுக்குள் அடங்கவில்லை. மறுபடியும் அடிக்கச் சொன்னார். ஒன்பது போலத் தெரிந்தது. கரும்பலகையை அழித்து எழுதினார், திரும்பவும் அழித்தார், கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிறந்த நாளிலிருந்து கேட்ட அடி, காதுக்குள் இருந்தது, அதற்கு எத்தனை கட்டம் என்று நான் எப்படிச் சொல்வேன்? மூன்றாம் நாள் டீச்சர் திடீரென்று நடு வகுப்பில் துள்ளினார். ஒரு சுற்று ஒன்பது, அடுத்த சுற்று ஏழு, இரண்டையும் சேர்த்து எண்ணினால் பதினாறு, ஆதி தாளம் இரண்டு தரம், கச்சிதமாக வந்து விழுகிறது. அடி நடுவில் ஒளிந்து விளையாடியிருக்கிறது. டீச்சர் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். நான் அந்த உச்சியை இரண்டு நாள் கழுவவில்லை.

பாட்டு டீச்சரே எழுதி மெட்டுப் போட்டது. மழையே வா என்று கெஞ்சும் பாட்டு. வெயில் காயும் ஊரில் பிறந்தவர், எப்போதோ எழுதி வைத்திருந்திருக்கிறார். வருடத்தில் பாதி நாள் நனைந்த சப்பாத்தோடு பள்ளிக்கூடம் வருகிற எங்களுக்கு மழையை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று விளங்கவில்லை. இருந்தாலும் தொண்டை கிழியக் கூப்பிட்டோம். போட்டிக்கான விண்ணப்பத்தை டீச்சர் எங்கள் முன்னாலேயே தன் முத்துமுத்தான கையெழுத்தில் நிரப்பினார். பக்கவாத்தியம் என்ற இடத்தில், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, 'தப்பு' என்று எழுதினார்.

போட்டி நாளன்று கூப்பிட்ட மழை வந்துவிட்டது. வேனில் ஏறப்போனால் கடைசி ஆசனத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார், மடியில் உரப்பை. கண்டியில் ஒரு வேலை இருக்கிறது என்றார். அவருக்குக் கண்டியில் ஒரு வேலையும் இல்லை என்று தோட்டத்தில் உள்ள ஆடுமாட்டுக்கும் தெரியும். வத்தேகம தாண்டியதும் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். கண்டிக் குளம் கண்ணில் பட்டபோது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தியதில் டிரைவர் வேனை நிறுத்தித் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினார்.

மண்டபத்தின் கதவில் பாடும் ஒழுங்கை ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தோம். கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தோம். எங்கள் பள்ளிக்கூடம் இல்லை.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர், நாங்கள் சேர் என்போம், தொப்பி போட்டவர், நல்ல மனிதர். இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கு. டீச்சர் படபடத்துக்கொண்டு போய்க் கேட்டதும் கோவையைப் புரட்டி எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு.

"இதுல தப்புண்டு எழுதி ஈக்கே டீச்சர். அதுக்குத்தான் வெட்டினது."

"ஓம், தப்புத்தான்," என்றார் டீச்சர்.

"அப்ப சரி."

"என்ன சரி? தப்பு எண்டு நான்தான் எழுதினனான்."

"தப்புண்டு நீங்களே எழுதினா, நான் வெட்டத்தானே வேணும்?"

டீச்சருக்கு உதடு துடித்தது. அந்தத் துடிப்பை நான் அதிபரின் அறையில் பார்த்திருக்கிறேன், அடுத்தது அழுகை. இங்கே மொழிபெயர்க்க அதிபரும் இல்லை. மண்டபத்துக்குள் முதல் குழு பாடத் தொடங்கிவிட்டது, மிருதங்கம் வெளியே கேட்டது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வேனிலிருந்து இறங்கும்போது அப்பா என்னிடம் தந்த உரப்பையிலிருந்து சாமானை உருவி மேசைமேல் வைத்தேன்.

"சேர், தப்புன்னா தப்பு இல்ல சேர். இதுதான் தப்பு."

சொல்லிவிட்டு ஓங்கி ஓர் அடி அடித்தேன். தொப்பென்று ஒரு சத்தம் வந்தது, நனைந்த தலையணையில் அடித்த மாதிரி. வழியெல்லாம் குடித்த ஈரத்தில் தோல் தொய்ந்துபோயிருந்தது. சேர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அதுவரை மழையில் கூரை ஓரமாக நின்றிருந்த அப்பா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் நடந்தார், நான் பின்னாலே ஓடினேன். அங்கே கன்டீன் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா தோலைத் தடவிக் காட்டினார். கன்டீனில் நின்ற சிங்கள அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேத்தலை இறக்கி வைத்துவிட்டு விறகை முன்னால் தள்ளினார். அப்பா தப்பை நெருப்புக்கு முன்னால் காட்டி மெல்லச் சுற்றினார். விரலால் சுண்டுவார், காதைக் கொடுப்பார், மறுபடி சுற்றுவார். தொப் என்றது டொப் ஆனது, டொப் என்றது டண் ஆனது. நான் நுனிக்காலில் நின்று தவித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி ஓடிவந்து மேசைக்கு முன்னால் நின்று அடித்தேன். சேர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். மண்டபத்தின் பின்வரிசைகள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தன. சேர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

"இதுக்கா மகள் தப்புண்டு பேர் வெச்சீக்கு? சரியாத்தானே ஈக்கு."

தன் கையாலேயே பட்டியலின் அடியில் எங்கள் பெயரை எழுதினார், கடைசிக் குழுவாக.

மற்றக் குழுக்கள் எல்லாம் பாடி முடியும்வரை காத்திருந்தோம். மேடையில் ஏறியபோது எனக்கு முன்னால் இருந்த தலைகள் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் தலையசைத்தார். பிள்ளைகள் மழையைக் கூப்பிட்டார்கள், மேலே தகரத்தில் மழை பதில் சொன்னது, நடுவில் நான் அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை. முதல் சரணத்தில் முன்வரிசை காலால் தாளம் போட்டது. இரண்டாவதில் கைதட்டத் தொடங்கினார்கள். மூன்றாவதில் என் குட்டைக் குச்சி கையிலிருந்து வழுக்கிப் பறந்துபோய் நடுவர்கள் மேசையில் விழுந்தது. ஒரு நடுவர் அதை எடுத்து ஒழுங்காகத் தன் பேனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. குச்சி இல்லாத கையை விரித்து உள்ளங்கையால் அடித்தேன், தோல் சுட்டது, பாட்டு முடியும்வரை அடித்தேன். முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. டீச்சர் மேடைக்கு ஓடிவந்து கிடைத்த பிள்ளைகளை எல்லாம் கட்டிப்பிடித்தார்.

நான் அப்பாவைத் தேடினேன். மண்டபத்தில் காலிக் கதிரைகள் எத்தனையோ இருந்தும் அவர் உட்காரவில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நின்றிருந்தார். சுற்றி யார் யாரோ பெற்றோர்கள், டவுன் ஆட்கள். ஓடிப்போய் முன்னால் நின்றேன். எப்படி அப்பா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். வழக்கமாக நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மனிதர், அன்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"தப்புதான் அடிச்ச."

சொல்லிவிட்டு மேளத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். உரப்பைக்குள் போடக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

எனக்கு உலகமே இடிந்துவிட்டது. குச்சி பறந்ததைச் சொல்கிறார். மண்டபமே எழுந்து நின்று தட்டினாலும் அப்பாவுக்குத் தெரியாதா எது பிழை என்று? எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்ததும், டீச்சர் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியதும், நடுவர் என் குச்சியைத் திருப்பித் தந்து முதுகில் தட்டியதும் எதுவும் ஏறவில்லை. கண்டியிலிருந்து வத்தேகம வரை அழுதேன். டீச்சர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதார். கடைசி ஆசனத்தில் அப்பா மடியில் தப்பை வைத்து, விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். என் பிழையைத்தான் திருத்திப் பார்க்கிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

இப்போது நான் குண்டசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். பிள்ளைகள் சுரத்தைத் தவறவிட்டால் "பிழை" என்பேன், "தப்பு" என்று மட்டும் சொல்லமாட்டேன். இந்தச் சொல்லை வைத்துப் பிள்ளைகள் நான் யாழ்ப்பாணம் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். போன மாதம் அவர்களைப் போட்டிக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். பக்கவாத்தியம் என்ற இடத்தில் 'தப்பு' என்று எழுதியதும் பேனை நின்றுவிட்டது. அப்பாவின் அந்தக் குரல் காதுக்குள் வந்து விழுந்தது. மாலையில் அவருக்கு போன் எடுத்து, அன்று கண்டியில் வைத்து என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்த சொன்னேன்?" என்றார் அப்பா. "நீ என்னா அடிச்சியோ, அதத்தான் சொன்னேன்."

என் பதின்மூன்று வயதுவரை அப்பாவின் வாயில் நான் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. நாலு பேர் நடுவில் அவர் முதன்முதலாக அதைச் சொன்னபோது, நான் வத்தேகம வரை அழுதிருக்கிறேன்.